ஃபர்ம்லியா, அடமன்ட்லியா? உறுதிக்கு எந்தச் சொல்?

ஃபர்ம்லி, ரெசல்யூட்லி, ஸ்டெட்ஃபாஸ்ட்லி, அடமன்ட்லி. ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் 'உறுதியாக' என்றுதான் இருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இலக்கணம் இடிக்காது, படிப்பவருக்குத்தான் இடறும்.

எங்கும் செல்லுபடியாவது ஃபர்ம்லிதான். டப்பாவை அழுத்தி மூடுவதற்கும் அதுவே, ஒரு கொள்கையை நம்புவதற்கும் அதுவே. ஒரு நுணுக்கம் உண்டு. கையால் செய்கிற காரியமென்றால் பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வரும்: 'ப்ரெஸ் ஃபர்ம்லி'. மனசு சம்பந்தப்பட்டதென்றால் முன்னால்: 'ஐ ஃபர்ம்லி பிலீவ்'.

ரெசல்யூட்லிக்கு முதலில் ஒரு முடிவு வேண்டும். தீர்மானித்துவிட்டு, முன்வைத்த காலைப் பின்வைக்காமல் போவது அது. டப்பாவை ரெசல்யூட்லி மூடினால் சிரிப்புதான் வரும். ஆனால் 'ரெசல்யூட்லி சியர்ஃபுல்' அழகான பிரயோகம்: என்ன வந்தாலும் முகம் வாடுவதில்லை என்று வைராக்கியமாகச் சிரித்துக்கொண்டிருப்பவரைச் சொல்வது.

ஸ்டெட்ஃபாஸ்ட்லிக்குக் காலம் வேண்டும். இதிலுள்ள 'ஃபாஸ்ட்' வேகம் அல்ல, அசையாமல் பதிந்திருப்பது. முன்பாதி, 'இடம்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஒரு கூட்டத்தில் ஒரு தடவை எதிர்த்துப் பேசியவருக்கு இது அதிகம். வருடக்கணக்கில் கட்சி மாறாமல் கூடவே நின்றவருக்குப் பொருந்தும்.

அடமன்ட்லிதான் நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம். உடைக்க முடியாதது என்ற கிரேக்கச் சொல்லான 'அடமாஸ்' இதன் வேர். டயமண்டும் அதிலிருந்து வந்ததே. முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்பதற்கான சொல் இது. டினை, ரெஃப்யூஸ், அப்போஸ் போன்ற மறுப்பு வினைகளோடுதான் இயல்பாகச் சேரும். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ அடமன்ட்லி பிலீவ் இன் டீம்வொர்க்' என்று எழுதினால், இவரோடு எப்படி வேலை பார்ப்பது என்று எதிராளி யோசிப்பார். அங்கே ஃபர்ம்லி போதும்.

இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது ஸ்டபர்ன்லி, அதாவது பிடிவாதமாக. 1948இல் பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், நான்-நீ-அவன் என்று வினைச்சொல்லைத் திரித்துச் சொல்லும் இலக்கணப் பாடம் மாதிரி ஒன்றைச் சொல்லிக் காட்டினார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் சொன்ன பேச்சு கேட்காத மடையன். குணம் ஒன்றுதான், சொல்லுகிறவர் யார் பக்கம் என்பதே வித்தியாசம். விலைவாசி இறங்காதபோது பத்திரிகைகள் 'ஸ்டபர்ன்லி ஹை' என்று எழுதுவதும் இதனால்தான். விலைவாசியின் பக்கம் யார் நிற்பார்கள்?