தளியா, பாப்பிரெட்டிப்பட்டியா? வீட்டைப் பார்க்குமுன் கிணற்றைப் பாருங்கள்

நகரத்து வாடகையையும் நெரிசலையும் விட்டு, கையிருப்புக்குள் அடங்கும் ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய தளி. மற்றொன்று தருமபுரி மாவட்டத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டி. 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. ஆனால் இங்கே வாழ்வதும் அங்கே வாழ்வதும் ஒன்றல்ல. நாங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் குடியேறிவிட்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

குளிரில் தளியை அடித்துக்கொள்ள முடியாது. ஓசூர் மேட்டுநிலம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தளியை ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்ததற்குக் காரணம் அதுதான். பாப்பிரெட்டிப்பட்டியில் சித்திரை, வைகாசி வெயில் சுடும். மலை பக்கத்தில் இருப்பதால் இரவு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். வேலைவாய்ப்பிலும் ஓசூரும் பெங்களூரும் பக்கத்தில் இருக்கிற தளிக்கே முதலிடம். ரயிலுக்கும் மருத்துவமனைக்கும் பாப்பிரெட்டிப்பட்டி மோசமில்லை: சென்னை – சேலம் பாதையில் பொம்மிடி நிலையம் இருக்கிறது, மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் போய்விடலாம், தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நில விலையில் தளி இப்போது பெங்களூரின் நிழலில் இருக்கிறது. வார இறுதி வீட்டுக்காக இடம் தேடி வருகிறவர்களோடு போட்டி போட்டுத்தான் அங்கே வாங்க வேண்டும். மலிவான ஊர் தேடிப் புறப்பட்டவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. யானையையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்குகின்றன. ஊர்க்காரர்கள் இரவெல்லாம் கொல்லையில் காவல் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் இருட்டியபின் வெளியே போகாமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். தளியில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தது கொஞ்ச காலம்தான். நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்களின் முழுக் கஷ்டத்தையும் அறிந்தவனாக இதைச் சொல்லவில்லை.

இதெல்லாம் இருந்தும் எங்களை முடிவெடுக்க வைத்தது தண்ணீர்தான். பழைய தருமபுரி மாவட்டம் முழுவதும் கடும்பாறை நிலம். பாறையில் இருக்கும் புளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ, பொதுவாக அவ்வளவுக்கு அது கூடும். இந்திய நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழி இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம். அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பற்களில் கறை ஏறும். அளவு மிக அதிகமானால் பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகும். புளோரைடு பானையிலேயே தங்கி இன்னும் செறிவாகும்.

இதற்காகவே வந்தது 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைத் தருகிறது. ஆனால் குழாயில் வருவதெல்லாம் காவிரி என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளூர் ஆழ்துளைக் கிணற்றுத் (போர்) தண்ணீரையும் மேல்நிலைத் தொட்டியில் கலந்து விடுகிற ஊர்கள் உண்டு. வீடு பார்க்கப் போனால் தரகரை விட்டுவிட்டு, தொட்டி திறந்துவிடும் ஆளிடம் பேசுங்கள். எந்த நாள் எந்தத் தண்ணீர் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தளிப் பக்கம் நாங்கள் பார்த்த இடங்களில் எல்லாம் ஆழமான போர்தான். ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில்கள் சுற்றிலும் நிறைந்திருக்க, ஒவ்வொருவரும் போட்டி போட்டு ஆழமாக இறக்குகிறார்கள். போர் போடும் செலவை எல்லாரும் கணக்கில் எடுக்கிறார்கள், பராமரிப்பை மறந்துவிடுகிறார்கள். ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கி மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தால் அதை மேலே தூக்கவே வண்டியும் ஆட்களும் வேண்டும். பழுது பார்த்து மறுபடி இறக்கும்வரை வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. நீர்மட்டம் இறங்கினால் குழாயை நீட்ட வேண்டும். குடிப்பதற்கு ஆர்.ஓ. வைத்தால் அதன் சவ்வை மாற்றுவதும், அது கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்குத் திருப்புவதும் தனி வேலை.

பாப்பிரெட்டிப்பட்டியில் வாணியாறு அணையின் பாசனம் இருக்கிறது. கால்வாயும் ஏரியும் நிரம்பினால் அவற்றை ஒட்டிய திறந்த கிணறுகளிலும் தண்ணீர் ஏறுகிறது. நாங்கள் வாங்கிய இடத்தில் அப்படி ஒரு பழைய கிணறு. படியில் இறங்கி நீர்மட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். மோட்டார் மேட்டிலேயே இருக்கிறது, உள்ளூர் மெக்கானிக் வந்து அங்கேயே கழற்றிப் பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் வாரினால் போதும். வாங்குவதற்கு முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்தோம். புளோரைடு அளவு வரம்புக்குள் இருந்தது. பக்கத்துக் கொல்லையில் இருக்கும் போருக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு கிணற்றையும் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

வாணியாறும் மழையை நம்பிய ஆறுதான். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது கிணறுகள் அடிமண் தெரிய வற்றியதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அப்படி ஓர் ஆண்டை நாங்கள் இன்னும் கடக்கவில்லை. அதனால்தான் கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறோம். கணக்கு எளிது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் விழும். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால், மழையில்லாத நான்கு மாதத்துக்கு 2,400 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் கோடையைத் தாண்டிவிடலாம். மழைநீரில் புளோரைடு கவலையும் இல்லை. முதல் மழையை வெளியே விட்டு, கூரையைப் பெருக்கி, தொட்டியை இருட்டாக மூடி வைத்தால் போதும். தளியில் வீடு வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

ஓசூரில் வேலை, குளிர் அவசியம், பயிர் செய்யும் எண்ணம் இல்லை என்றால் தளியைத் தேர்ந்தெடுங்கள். குடிநீர்க் குழாய் இணைப்பு உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள், போரை நம்பி நிலம் வாங்காதீர்கள். வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் உள்ள குடும்பம், கொஞ்சம் தோட்டம், குறைந்த செலவு என்றால் வாணியாற்றுப் பாசனப் பகுதிக்கு வாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, வண்டிப்பாதை மூன்றையும் சரிபார்க்கும்போது கிணற்றில் உங்களுக்குள்ள பங்கையும் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். இங்கே பல பழைய கிணறுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. முறை வைத்துத்தான் தண்ணீர் இறைப்பார்கள். எந்தெந்த நாள் உங்கள் முறை என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.