எஞ்சின் வயரிங்கை வெப்பத்திலிருந்து காப்பது: தகடா, சுற்றுநாடாவா, உறையா?

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் கொழும்புத் தெருக்களில் ஓடும் ஜப்பானிய கார்களில் பல வயதேறியவை. அவற்றின் புகைக்குழாயை அண்டிச் செல்லும் வயர்களைப் பார்த்தாலே இது தெரியும். வயர்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் நெளிவுக் குழாய் விரல் பட்டவுடன் சில்லுச் சில்லாக உதிர்கிறது; உள்ளே வயரின் மேலுறை விறைத்து, வளைக்குமிடத்தில் வெடித்து, செம்பு தெரிகிறது; கனெக்டரின் பூட்டு நாக்கு கழற்றும்போதே முறிந்துவிடுகிறது. சூடேறியதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல ஸ்டார்ட் ஆகும் கார்களில் கிராங்க் சென்சரோடு (எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கருவி) அதன் வயரையும் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே பெரும்பகுதிச் சேதத்தைச் செய்வது கதிர்வீச்சு வெப்பம். அது தனிவெப்பநிலையின் (கெல்வின் அளவின்) நான்காம் அடுக்கில் ஏறுவதால், மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டிப் புகைக்குழாய்க்கு அனுப்பும் பகுதியின்) மேற்பரப்பு 500 பாகை செல்சியசிலிருந்து 600 பாகைக்கு உயர்ந்தால் வீசும் வெப்பம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடும். சாதாரண பிவிசி உறையிட்ட வாகன வயர் 80 முதல் 105 பாகை வரைக்குத்தான் ஏற்றது. குறுக்குப் பிணைப்புள்ள பொலித்தீன் உறை 125 பாகை வரை தாங்கும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்து சென்று எஞ்சினை நிறுத்தும்போது, காற்றோட்டமும் குளிர்நீர்ச் சுழற்சியும் ஒருசேர நின்றுபோக, இரும்பில் தேங்கிய சூடு முழுவதும் பொனட்டுக்குள் பரவுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் காரைவிட இப்படி ஊர்ந்து நிற்கும் காரின் வயர்களே இந்த வகையில் அதிகம் வாடுகின்றன.

தெரிவுகளில் முதலிடத்தை நான் தொழிற்சாலை பொருத்திய கவசத் தகட்டுக்கே கொடுப்பேன். அது வெறும் தகரம்போலத் தோன்றினாலும், மேனிஃபோல்டுக்கும் தனக்குமிடையே ஓர் காற்று இடைவெளியை வைத்திருக்கிறது. பளபளப்பான உலோக முகம் வெப்பக் கதிர்களின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அதன் போல்ட் துளைகள் துருப்பிடித்துத் தகடு கடகடக்கத் தொடங்கியவுடன், சத்தத்தைப் போக்குவதற்காக அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிடும் கராஜ்கள் குறைவல்ல. வாடிக்கையாளருக்கும் அன்றைக்குத் திருப்திதான்! துளை கிழிந்திருந்தால் அகலமான வாஷர் போட்டு இறுக்கலாம். தகடே போய்விட்டிருந்தால் பஞ்சிகாவத்தையில் அதே மாடலின் பழைய பாகங்களோடு தேடலாம். சென்சர்கள், வயர்கள், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே பொருள் காக்கிறது என்பதால், வேறெந்தத் தெரிவும் செலவுக்கு ஏற்ற பயனில் இதனை எட்டாது.

இணையக் காணொளிகளில் பெரிதும் புகழப்படும் கண்ணாடி நார்ச் சுற்றுநாடாவை, அன்றாடம் ஓடும் கொழும்புக் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது குழாய்க்குள் வெப்பத்தை அடைத்து வெளியே வீசுவதைக் கணிசமாகக் குறைக்கிறது என்பது உண்மை. பந்தயக் காருக்கு அது பொருந்தும். ஆனால் அடைபட்ட வெப்பத்தால் உலோகமே அதிகம் சூடாகிறது; வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் வெடிப்பு விழும் அபாயம் கூடுகிறது. மழைநீரையும் உப்புக்காற்றின் ஈரத்தையும் நாடா பிடித்து வைத்திருப்பதால், கடலோர ஊரில் துரு உள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். வால்வ் கவர் கசியும் பழைய எஞ்சினில் நாடா எண்ணெயை உறிஞ்சினால் தீப்பிடிக்கவும் கூடும். செராமிக் பூச்சுக்கு இந்தக் குறைகள் இல்லை. ஆனால் குழாயைக் கழற்றி, மணல் வீசித் துப்புரவாக்கிப் பூச வேண்டியிருப்பதால், ஒரு வயரைக் காப்பதற்காக மட்டும் அந்தச் செலவை ஏற்பது நியாயமாகாது.

வயருக்கே போடும் உறைகளில் இரண்டு வகைகள் போட்டியிடுகின்றன. அலுமினியப் படலம் ஒட்டிய கண்ணாடி நார் உறை கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதில் சிறந்தது. ஆனால் குழாயிலிருந்து அது விலகி நிற்க வேண்டும். சூடான இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் நேரடியாகக் கடந்துவிடும், படலத்தை ஒட்டிய பசையும் விரைவில் விட்டுவிடும். எண்ணெயும் தூசியும் படிந்தால் அதன் பளபளப்போடு பயனும் குறைகிறது. சிலிக்கோன் பூசிய தடித்த நார் உறை தொடர்ச்சியாக 260 பாகை வரை தாங்கும். எண்ணெய், ஈரம், உராய்வு எதற்கும் எளிதில் அசையாது. ஆனால் தடிப்பானது, 658 சிசி வேகன்ஆர் போன்ற சிறிய எஞ்சின் அறையில் வளைத்து நுழைப்பது கடினம். எண்ணெய் கசியும் பக்கத்தில் சிலிக்கோன் உறையையும், குழாயைப் பார்த்திருக்கும் திறந்த இடத்தில் அலுமினிய உறையையும் போடுவதே சரி. சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இவற்றோடு சேர்த்துப் பேசவே வேண்டியதில்லை; சூட்டில் அதன் பசை உருகி வழியும்.

வெடித்த வயரின் மேல் எந்த உறையைப் போட்டும் பயனில்லை. முதலில் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். மாற்றும்போது டெஃப்லோன் அல்லது சிலிக்கோன் உறையிட்ட வயரை வாங்குவது நல்லது; முன்னது 260 பாகை வரையும், பின்னது சுமார் 200 பாகை வரையும் தாங்கும். ஒட்சிசன் சென்சரின் சொந்த வயரை மட்டும் வெட்டி ஈயம் பற்றவைக்கக் கூடாது, ஏனெனில் பல வகைகளில் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்று அந்த வயர்வழியேதான் உள்ளே செல்கிறது. உறை போட்ட பிறகு, வயர் கட்டு பழைய கிளிப்பில் அமராமல் குழாய்ப் பக்கம் சரிந்து தொங்குகிறதா என்பதை எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சரிந்தால் பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் இழுத்துக் கட்டாமல், ரப்பர் பதித்த உலோகக் கிளிப் ஒன்றைப் பொருத்த வேண்டும்.