பெண்பிள்ளை எம்.பி.பி.எஸ். படிக்க: வங்கதேசமா, நேபாளமா?

நீட்டில் தேறியும் அரசு இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டு மலைத்துப் போகும் வீடுகளில் அடுத்த பேச்சு வெளிநாடுதான். பையன் என்றால் ரஷ்யாவோ ஜார்ஜியாவோ சட்டென்று முடிவாகிவிடும். பெண் என்றால் "பக்கத்திலேயே இருக்கட்டுமே" என்பார்கள். அப்படிப் பார்க்கும்போது முன்னால் வருபவை வங்கதேசமும் நேபாளமும். காஷ்மீரத்துப் பெண்கள் பல வருஷங்களாக டாக்காவுக்கும் சில்ஹெட்டுக்கும் போய்ப் படித்து வருகிறார்கள். உத்தரப் பிரதேச, பீகார்ப் பெண்களுக்கு நேபாளம் கூப்பிடு தூரம். தமிழ்நாட்டுப் பெண்களும் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதிக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதைத்தான் பெற்றோர் முதலில் விசாரிக்கிறார்கள். நான் முதலில் விசாரிப்பது வார்டைப் பற்றி. அந்தப் பெண் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க வாய்ப்பு எவ்வளவு என்பதில்தான் அவளுடைய ஐந்தாறு வருஷமும் அடங்கியிருக்கிறது.

விதிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, படிப்பு ஆங்கிலத்தில் குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே நாட்டில் 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, அப்புறம் இங்கே இன்னொரு வருஷப் பயிற்சி. நேபாளத்தில் படிப்பு நாலரை வருஷம், அதாவது சரியாக 54 மாதம். வங்கதேசத்தில் ஐந்து வருஷம். இரண்டிலும் அதன்மேல் ஒரு வருஷப் பயிற்சி உண்டு.

வித்தியாசம் தொடங்குவது கல்லூரியின் அமைப்பில். வங்கதேசத்தில் பெண்களுக்கென்றே மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. டாக்காவில் இசட்.எச். சிக்தர் மகளிர் மருத்துவக் கல்லூரி, உத்தராவிலுள்ள மகளிர் மருத்துவக் கல்லூரி, மொக்பஜாரில் அத்-தீன், டாக்காவுக்கு வெளியே தாங்காயில் மாவட்டம் மிர்ஸாபூரில் குமுதினி. இந்தக் கடைசிக் கல்லூரியின் கதையைச் சொல்லாமல் எனக்கு மேலே போக மனம் வரவில்லை. ரணதா பிரசாத் சாஹா என்பவருக்குச் சிறு வயதாக இருந்தபோதே, பிரசவத்தில் வைத்தியம் கிடைக்காமல் அவருடைய தாய் இறந்துபோனார். பின்னாளில் செல்வந்தரான மகன், அந்தத் தாயின் பெயரிலேயே 1944இல் மிர்ஸாபூரில் குமுதினி மருத்துவமனையைத் திறந்தார். 1971 போரின்போது அவரையும் அவர் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பவே இல்லை. அந்த மருத்துவமனையோடு சேர்ந்துதான் இன்று பெண்கள் எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள்.

இத்தகைய கல்லூரிகளில் படிப்பதில் ஒரு நடைமுறை லாபம் இருக்கிறது. அங்கே கர்ப்பிணிகள் பலர் பெண் டாக்டரைத்தான் கேட்பார்கள். அதனால் பிரசவ அறையில் மாணவியைப் பார்த்து யாரும் கூச்சப்படுவதில்லை. வயிற்றைத் தடவிக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது, கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்பது எல்லாம் கையால் செய்து பழகினால்தான் வரும். நேபாளத்தில் பெண்களுக்குத் தனி எம்.பி.பி.எஸ். கல்லூரி என்ற வழக்கம் இல்லை. பொக்காராவின் மணிபால், பரத்பூரிலுள்ள மருத்துவ அறிவியல் கல்லூரி, தராணிலுள்ள பி.பி. கொய்ராலா நிறுவனம் எல்லாமே இருபாலர் கல்லூரிகள். அங்கே வாய்ப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கூச்ச சுபாவமுள்ள பெண் பின்வரிசையிலேயே நின்றுவிடலாம்.

வங்கதேசத்தில் அப்படிப் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளவே முடியாது. காரணம் அவர்களுடைய தேர்வு முறை. சின்னச் சின்னப் பாடப் பகுதிக்கும் 'ஐட்டம்' என்று ஒரு வாய்மொழித் தேர்வு. சில பேராக உட்கார வைத்து, கையில் எலும்பைக் கொடுத்து, இது வலதா இடதா, இந்த மேட்டில் எந்தத் தசை ஒட்டுகிறது என்று ஆசிரியர் வரிசையாகக் கேட்பார். ஐட்டங்களை முடித்தால் 'கார்டு', கார்டை முடித்தால் 'டெர்ம்', டெர்ம் தேறினால்தான் 'புரோஃப்' என்கிற பல்கலைக்கழகத் தேர்வை எழுத முடியும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 60 வேண்டும். முதல் வருஷம் அழாத பெண் இருக்க மாட்டாள் என்றே சொல்லலாம். ஆனால் இந்த நச்சரிப்புதான் பின்னால் கைகொடுக்கிறது என்பது என் எண்ணம். 2015 முதல் 2018 வரை இந்தியத் தகுதித் தேர்வை எழுதியவர்களில் வங்கதேசத்தில் படித்தவர்கள் சுமார் 27 சதவீதம் தேறினார்கள், நேபாளத்தில் படித்தவர்கள் சுமார் 18 சதவீதம். இரண்டுமே பெருமைப்படும் அளவு இல்லைதான். ரஷ்யாவும் சீனாவும் இதைவிடக் கீழே இருந்தன.

மொழியை யாரும் யோசிப்பதே இல்லை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலத்தில் பேச மாட்டார். டாக்காவில் ஒரு பாட்டி "மாத்தா கோரே" என்பார், பொக்காராவில் "ரிங்கட்டா லாக்யோ" என்பார். தலைசுற்றுகிறது என்கிறார். அது புரியாவிட்டால் அன்றைய கேஸ் போயிற்று. இந்தி தெரிந்த பெண்ணுக்கு நேபாளத்தில் இந்திய எல்லையை ஒட்டிய தராய்ப் பகுதி, அதாவது பைரஹவா, வீர்கஞ்ச், நேபாள்கஞ்ச் எல்லாம் எளிது. போஜ்புரியும் அவதியும் பேசும் நோயாளிகளிடம் இந்தியிலேயே சமாளிக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்து போகும் பெண்ணுக்கு இரண்டு நாட்டிலும் ஆரம்பம் ஒன்றுதான். இரண்டாம் வருஷத்துக்குள் அவள் அந்த ஊர் மொழியைப் பிடித்தே ஆக வேண்டும்.

அன்றாட வாழ்க்கையில் நேபாளத்துக்கே என் ஓட்டு. பொக்காரா ஏரிக்கரையில் மாலையில் பெண்கள் தனியாக நடக்கிறார்கள், ஸ்கூட்டரில் போகிறார்கள், என்ன உடுத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பருப்பும் சோறும் காய்கறியும் எங்கே போனாலும் கிடைக்கும். டாக்காவில் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடும் விடுதிகள் உண்டு. வெளியே போனால் துப்பட்டா இருப்பது நல்லது. சோறு தாராளம், ஆனால் மீனும் இறைச்சியும் இல்லாத சாப்பாட்டுக்குச் சைவப் பெண் கொஞ்சம் திண்டாட வேண்டும். காஷ்மீர்ப் பெண்கள் பலருக்கு அந்தச் சூழல் சொந்த ஊர் மாதிரியே இருக்கிறது. பிறந்து வளர்ந்த விதத்தைப் பொறுத்த விஷயம் இது.

செலவை ஒரே வரியில் முடித்துவிடலாம். இரண்டு இடத்திலும் கட்டணத்தைப் பெரும்பாலும் டாலரில் சொல்வார்கள். கைச்செலவில் மட்டும் நேபாளம் நிம்மதி, அந்த ஊர் ரூபாய் 1993 முதல் நம் ஒரு ரூபாய்க்கு 1.60 என்றே நிற்கிறது.

பாதுகாப்பு என்று பெற்றோர் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். 2024 ஜூலையில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தபோது வங்கதேசம் முழுக்க இணையத்தைத் துண்டித்து ஊரடங்கும் போட்டார்கள். பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப் வராமல் இங்கே வீடுகள் தவித்தன. அக்கௌரா வழியாக அகர்தலாவுக்கும், தாவ்கி வழியாக மேகாலயாவுக்குமாக, சில நாட்களிலேயே 4,500க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் திரும்பினார்கள். நேபாளமும் விதிவிலக்கில்லை. 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டத்தில் அரசே கவிழ்ந்தது, காத்மாண்டு விமான நிலையத்தை மூடினார்கள். ஆனால் அங்கே நமக்கு விசா வேண்டாம், எல்லை திறந்த எல்லை. பைரஹவாவில் படிக்கும் பெண் சுனௌலி வழியாக இந்தியாவுக்குள் வந்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் நேபாளத்துக்கு ஈடே இல்லை.

அப்படியிருந்தும், மகப்பேறு மருத்துவம்தான் லட்சியம், திட்டு வாங்கிப் படிக்கவும் தயார் என்கிற பெண்ணுக்கு நான் வங்கதேசத்தின் மகளிர் கல்லூரியைத்தான் சொல்வேன். வீட்டைப் பிரிந்து இருந்ததே இல்லை, தேவைப்பட்டால் அப்பா உடனே போய் அழைத்து வர வேண்டும் என்கிற வீட்டுக்கு நேபாளம், அதிலும் தராய். எதுவானாலும் முகவர் காட்டும் வீடியோவை வைத்துப் பணம் கட்டாதீர்கள். அந்தக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண்ணின் நம்பரை வாங்கி, உங்கள் மகளையே பேசச் சொல்லுங்கள். வார்டில் தினமும் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது, இதுவரை எத்தனை பிரசவத்தில் கூட நின்றாய் என்று அவள் கேட்கட்டும்.