"முப்பது கேம் உள்ளேயே இருக்கு" என்று விற்கும் கன்சோலை வாங்கும் முன்

பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) என்ற வீடியோ கேம் கன்சோல் விற்பனைக்கு வரும்போது கூடவே ஒரு வரியும் வருகிறது: "முப்பது கேம் உள்ளேயே இருக்கு, எல்லாம் ஒரிஜினல்." அந்த ஒரு வரிக்காகத்தான் விலையையும் ஏற்றிக் கேட்கிறார்கள். இதை நம்பி வாங்கி ஏமாந்தவர்களுக்கு நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் சில வாரங்கள் எல்லா கேமும் ஓடும். பிறகு ஒரு நாள் ஆன் செய்து பார்த்தால் ஒவ்வொரு கேமின் படத்திலும் சின்னதாக ஒரு பூட்டு. விற்றவரைக் கூப்பிட்டால், "நெட்ல கனெக்ட் பண்ணீங்களா? பண்ணாதீங்கன்னு சொன்னேனே" என்பார். அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்.

டவுன்லோட் செய்த கேம் கன்சோலுக்குச் சொந்தமில்லை, அதை வாங்கிய அக்கவுன்ட்டுக்குத்தான் சொந்தம். "கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே" என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிய கன்சோலில் வேறு யார் அக்கவுன்ட்டில் நுழைந்தாலும் அந்த கேம்களை ஆடலாம். விற்பவர் உங்களுக்கு ஆடிக் காட்டுவது இதை வைத்துத்தான். ஆனால் ஒரு அக்கவுன்ட் இந்த வசதியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிஎஸ்5-இல்தான் வைத்திருக்க முடியும். அதே அக்கவுன்ட்டை அடுத்து வாங்குபவரின் கன்சோலில் இயக்கிய உடனே உங்களுடையதில் அது போய்விடும். அதுவும் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தபடியே இணையதளத்தில் எல்லாக் கருவிகளையும் ஒரே அடியாக டீஆக்டிவேட் செய்யவும் அவரால் முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதற்கு அனுமதி உண்டு. "பாஸ்வேர்டையும் தந்துடறேன்" என்றாலும் மயங்காதீர்கள். மின்னஞ்சல் அவர் கையில் இருக்கும்வரை பாஸ்வேர்டை மீட்டுக்கொள்ள சில நிமிடம் போதும். அக்கவுன்ட்டைக் கை மாற்றுவதை, பிஎஸ்5 தயாரிக்கும் சோனியின் விதிகளே அனுமதிப்பதில்லை, அதனால் அங்கே முறையிட்டும் பலன் இருக்காது.

எனவே பணம் கொடுப்பதற்கு முன்பு, விற்பவர் முன்னிலையிலேயே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், ரீசெட் ஆப்ஷன்ஸ், அதில் ரீசெட் யுவர் கன்சோல். முடிந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து உங்கள் அக்கவுன்ட்டில் நுழையுங்கள். அப்போது மிஞ்சுவது எதுவோ அதுதான் நீங்கள் வாங்கும் பொருள். ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற கேம் எல்லா பிஎஸ்5-உடனும் இலவசமாக வருவது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரீசெட் செய்ய மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். "நெட்ல போடாதீங்க", "இந்த யூசரை அழிச்சிடாதீங்க" என்ற இரண்டில் ஒன்று காதில் விழுந்தாலும் அதே முடிவுதான். டிஸ்க்காகக் கொடுக்கும் கேம்களுக்கு மட்டும் தாராளமாக விலை பேசலாம். கையில் டிஸ்க் இருக்கும்வரை அதை யாரும் பூட்ட முடியாது.

அடுத்து டிஸ்க் டிரைவ். பெரும் பணம் போவது இங்கேதான். 2020-இல் வந்த முதல் பிஎஸ்5-இல் டிரைவின் சர்க்யூட் போர்டும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று ஜோடி. பழுது பார்த்தவர் வேறொரு கன்சோலின் டிரைவை போர்டோடு சேர்த்து மாற்றியிருந்தால், டிஸ்க் உள்ளே போகும், சுழலும் சத்தமும் கேட்கும், ஆனால் கேம் திறக்காது. "டிஸ்க்ல தூசி இருக்கும்" என்பார்கள். நம்பாதீர்கள். நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த டிஸ்க்கை நீங்களே கொண்டுபோய்ப் போட்டு, கேம் திறந்து ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். பழைய போர்டு தொலைந்துபோனால் அந்தக் கன்சோலில் டிஸ்க் இனி ஓடாது, டிஸ்க் டிரைவே இல்லாத டிஜிட்டல் எடிஷன் விலைக்கு மேல் அதற்குக் கொடுக்கக் கூடாது. வெளிவந்தபோதே இரண்டுக்கும் 100 டாலர் வித்தியாசம் இருந்தது: டிஸ்க் மாடல் 499, டிஜிட்டல் எடிஷன் 399. 2023 நவம்பரில் வந்த ஸ்லிம் மாடலில் டிரைவ் தனியே கழன்று வரும், தனியே வாங்கியும் மாட்டலாம். முதல்முறை மாட்டும்போது மட்டும் இணையம் தேவை.

"புதுசு விலை ஏறிப்போச்சு, அதனால பழசும் ஏறும்" என்ற பேச்சு நிச்சயம் வரும். விலை ஏறியது உண்மைதான். அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த டிஸ்க் மாடல் 2025 ஆகஸ்டில் 549 டாலர் ஆனது. ஆனால் பழைய மாடலில் கேம்களைச் சேமிக்கும் இடம் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபிதான். அதோடு சூட்டைக் கடத்த பிராசஸர் மேல் இருப்பது சாதாரணப் பேஸ்ட் அல்ல, லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம். பக்கத் தகடுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் வாரன்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியாதவர் திறந்து மூடிய கன்சோல் சூடேறி தானாக அணையக்கூடும். அரை மணி நேரமாவது கனமான கேம் ஒன்றை ஓடவிடுங்கள்.

கன்ட்ரோலரைச் சோதிக்க ஆஸ்ட்ரோஸ் பிளேரூமே போதும். அதில் ட்ரிக்கர் விரலை எதிர்த்து இறுகவில்லை என்றால் அது போலியாகவோ பழுதானதாகவோ இருக்கும். ஸ்டிக்கைத் தொடாமலே பொம்மை நகர்ந்தால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. துடைத்தால் சில நாள் சரியாகும், திரும்பவும் வரும். புது கன்ட்ரோலர் விலையைக் கழித்துவிட்டே பேசுங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கன்சோலை வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தடை. திருட்டு கேம் ஓட்டியதற்காக நின்டெண்டோ தடுத்த கன்சோல் வெளியே பளபளவென்று இருக்கும், கார்ட்ரிட்ஜ் போட்டால் ஆடவும் செய்யும். நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப்பைத் திறந்தால்தான் 2124-4007 என்ற பிழை எண் வரும். தடை விழுவது கன்சோல் மீது, ஆளின் மீது அல்ல. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், உங்கள் அக்கவுன்ட்டைப் போட்டாலும் அது நீங்காது. "ஆஃப்லைன்ல நல்லா ஓடுதே" என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஆன்லைனில் ஆடுவதும், இ-ஷாப் கேமும் இல்லாத அந்தக் கன்சோலுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.