வடலூர் சத்திய தருமச்சாலை: தொண்டு செய்ய விரும்புவோருக்கு ஒரு மதிப்புரை

பசித்தோருக்கு இலவசமாகச் சோறிடும் வடலூர் தருமச்சாலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்கே கிடைக்கும் உணவைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் அங்கே கிடைக்கும் வேலையைப் பற்றி எழுத விரும்புகிறேன். பிள்ளைகள் தலையெடுத்த பின்போ, பணி ஓய்வு பெற்ற பின்போ, கைநிறையச் சம்பளம் வந்தும் மனம் நிறையாத இளம் வயதிலோ, இனி எதற்காக உழைப்பது என்ற கேள்வியோடு வாழ்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

வள்ளலார் இந்தச் சாலையைத் தொடங்கியது 1867 மே 23 அன்று. அதற்கு முந்தைய ஆண்டின் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் தொட்டிருந்த காலம் அது. வடலூரை ஒட்டிய பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு, 1876–78 பெரும்பஞ்சத்தைத் தாண்டி, இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது சாலையின் மரபு. இருபத்தோரு அடி நீளமுள்ள அந்த அடுப்பின் அருகே நிற்கும்போது, இதை மூட்டியவர் பசியைத் தத்துவமாகப் பேசி முடித்துக்கொள்ளாமல், நாள்தோறும் தீர்க்கவேண்டிய பிணியாகவே கண்டார் என்பது விளங்குகிறது.

தொண்டர்களுக்கான வேலை மிக எளியது: காய் நறுக்குவது, அரிசி களைவது, பந்தியில் பரிமாறுவது, தண்ணீர் ஊற்றுவது, பந்தி முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்வது. உங்கள் படிப்புக்கும் பதவிக்கும் இங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை. எல்லோரும் 'ஐயா', 'அம்மா' என்றே அழைக்கப்படுகிறார்கள். முதலில் இது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் காலையில் வயிறார உண்ட முதியவர் மதியம் மீண்டும் பசியோடு வரிசையில் நிற்பதையும், இரவும் வருவதையும் பார்த்துப் பரிமாறும்போது, ஒரு பெரிய சாதனையைச் செய்து முடித்துவிடவேண்டும் என்ற பதற்றம் தானாகவே தணிகிறது. பசி முடிவதில்லை, ஆகவே நம் தொண்டுக்கான தேவையும் முடிவதில்லை. வாழ்வுக்குப் பொருள் தேடுகிறவருக்கு இதைவிட உறுதியான பிடிமானத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தச் சேவையின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது, யாரிடமும் எதுவும் கேட்கப்படாததுதான். வள்ளலார் வடலூரிலேயே அமைத்து 1872இல் திறக்கப்பட்ட வழிபாட்டு இடமான சத்திய ஞானசபைக்குள் புலை (புலால் உண்ணுதல்), கொலை தவிர்த்தோர் மட்டுமே புகவேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. சாலையில் உண்ண அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. எந்தச் சாதி, எந்தச் சமயம், ஏன் உழைக்கவில்லை, குடும்பம் எங்கே என்ற விசாரணை இல்லாமல் சோறு போடப்படுகிறது. ஏழையைத் தகுதியுள்ளவன், தகுதியற்றவன் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது, கரண்டியைக் கையில் பிடித்த பிறகே நமக்குத் தெரிகிறது. உதவி பெறுபவரை நிழற்படம் எடுத்து வெளியிடும் இன்றைய வழக்கத்தை இங்கே வருவோர் அருள்கூர்ந்து தவிர்க்கவேண்டும். உண்பவரின் முகம் நம் நற்பெயருக்கான விளம்பரம் அன்று.

எப்போது செல்வது என்பது முக்கியமானது. தைப்பூசத்தன்று ஞானசபையில் சோதியை மறைக்கும் ஏழு திரைகளும் விலகும் சோதி தரிசனத்துக்காகப் பெருங்கூட்டம் கூடுகிறது. ஊரெங்கும் அன்னதானப் பந்தல்கள் எழுகின்றன. பார்க்கவேண்டிய நாள்தான், ஆயினும் அன்று கொடுக்கும் கைகள் மிகுதி, வயிறு நிறைந்தவர்களே மீண்டும் வாங்குவதால் உணவு வீணாவதும் உண்டு. கூட்டமில்லாத சாதாரண வாரநாளில் சென்றால்தான் சாலையையே நம்பி வாழும் எளியவர்களை அடையாளம் காணமுடியும்; அவர்களுடன் இரண்டு வார்த்தை பேசவும் நேரம் கிடைக்கும்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் தடத்தில், நெய்வேலிக்கு அருகே வடலூர் இருக்கிறது. பேருந்தும் ரயிலும் உண்டு. அரிசி, பருப்பு, காய்கறி கொடுக்க விரும்புவோர், அந்த வாரம் எது தேவைப்படுகிறது என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டுத் திரும்ப நினைக்காமல், மாதம் ஒரு நாளாவது தவறாமல் வரமுடியுமா என்று யோசித்து வாருங்கள். பழகிய முகங்கள் மீண்டும் வருவதைத்தான் அங்கே உண்ணும் முதியவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.