பழைய லெகோவைக் கிலோ கணக்கில் வாங்கப் போகிறீர்களா? பெட்டியின் அடிவரை கையை விட்டுப் பாருங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் பழைய லெகோ கட்டைகள் (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்) கிலோ கணக்கில் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 13,800 ரூபாய் கொடுத்து மூட்டை கட்டிக்கொண்டு வந்ததில் முக்கால்வாசி போலி. பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எனக்கு எதற்கு அத்தனை கட்டை என்பதைச் சொல்ல வேண்டும். வண்ணார்பேட்டைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் நடுவே தாமிரபரணி மேல் நிற்கிற சுலோசன முதலியார் பாலத்தைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. 1843-இல் திறந்த பாலம். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த ஒரு மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தது. 760 அடி நீளம், 11 வளைவுகள், ஒவ்வொரு வளைவும் 60 அடி. அப்பா முப்பது வருடம் அந்தப் பாலத்தின் மேல்தான் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போய் வந்தார். அக்கா மகள் ஒரு நாள் கேட்டாள், "மாமா, தாத்தா சைக்கிள்ல போற மாதிரி கட்டுவோமா?" அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

லெகோ ஆள் பொம்மை நான்கு செ.மீ. உயரம். ஐந்தரை அடி ஆளை அந்த உயரத்துக்குச் சுருக்கினால் 42-இல் ஒரு பங்கு. அதே அளவில் பாலம் முழுவதையும் கட்டினால் ஐந்தரை மீட்டர் வரும், எங்கள் வீட்டு ஹாலே அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் மூன்று வளைவு மட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு வளைவு 43 செ.மீ., தூண்களையும் சேர்த்தால் சுமார் ஒன்றரை மீட்டர். அதற்கே சாம்பல் நிறக் கட்டை ஆயிரக்கணக்கில் வேண்டும். மேலே இரண்டு வரிசையில் நாலு நாலாக எட்டுக் குமிழ் உள்ள சாதாரண 2×4 கட்டை ஒன்று 2.3 கிராம், கிலோவுக்கு ஏறக்குறைய 430 வரும். புதிதாகப் பெட்டி பெட்டியாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதைத் தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. போனேன். ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையச் சாம்பல் கட்டைகள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருபத்தொரு ஆள் பொம்மைகள்.

"துபாயில இருந்து வந்த குடும்பம் சார். பிள்ளைங்க பெரிசாயிட்டாங்க, மொத்தமாக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் ஒரிஜினல்" என்றார் கடைக்காரர்.

"பெட்டி, புக்கு ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?"

"வெள்ளத்துல போச்சு சார்."

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர் நின்றதை எப்படி மறப்பேன்? அதனால் அந்தப் பதிலை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. மேலாகக் கையை விட்டு ஒரு பத்துப் பதினைந்து கட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குமிழுக்குக் குமிழ் லெகோ என்ற எழுத்து இருந்தது. நிறம் மட்டும் இரண்டு விதமாகத் தெரிந்தது. அங்கேதான் எனக்குத் தெரிந்த விஷயமே என்னை ஏமாற்றியது. 2004-இல் லெகோ தன் சாம்பல் நிறத்தை மாற்றியது. அதற்கு முந்தையதில் லேசாக ஒரு பழுப்புச் சாயல் இருக்கும், பிந்தையதில் நீலச் சாயல். பழைய சேகரிப்பு என்றால் இரண்டும் கலந்துதான் வரும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாவதாக ஒரு சாம்பலும் இருந்தது. அதுதான் போலி.

இன்னொரு இடத்திலும் நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆள் பொம்மைகளில் தங்க நிறத்தில் ஒன்று இருந்தது. மிஸ்டர் கோல்டு என்று 2013-இல் லெகோ ஆள் பொம்மைகளின் பத்தாவது வரிசையில் வந்த பொம்மை அது, உலகத்துக்கே மொத்தம் 5,000-தான் செய்தார்கள். சேகரிப்பவர்கள் நடுவே அதன் விலை லட்சத்தைத் தாண்டும். "ஆள் பொம்மை ஒவ்வொண்ணும் 150 ரூபா, இந்தத் தங்கக் கலர மட்டும் இனாமா வச்சுக்கோங்க" என்றார் கடைக்காரர். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அவருக்கு விலை தெரியவில்லை போல என்று நினைத்துவிட்டேன். இன்றுவரை மனசை உறுத்துவது இதுதான்.

கட்டை ஆறு கிலோ, கிலோ 1,800 வீதம் 10,800. தங்க நிறத்தைத் தவிர மற்ற இருபது ஆள் பொம்மைக்கு 3,000. பில் கேட்டதற்கு "பழைய சாமானுக்குப் பில் கிடையாது சார்" என்றார். ஜிபே-யில் அனுப்பும்போது கடைப் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. அதையும் கேட்காமல் விட்டேன்.

வீட்டில் அன்று திருவிழா மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு எல்லாவற்றையும் கழுவினோம். (40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது என்று லெகோவே சொல்கிறது. வெந்நீரில் போட்டுவிடாதீர்கள்.) கழுவும்போதே நாலைந்து பொம்மைகளின் முகம் விரலோடு வந்துவிட்டது. அக்கா மகள், "மாமா, இதுக்கு வாய் போயிருச்சு" என்று தூக்கிக் காட்டினாள். பழசு, அதனால்தான் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. காய்ந்ததும் எல்லாவற்றையும் என் பழைய கட்டைகளோடு சேர்த்து நிறவாரியாகப் பெட்டிகளில் போட்டுவிட்டேன். பதினோரு வருடமாகச் சேர்த்த கட்டைகள் அவை.

முதல் வளைவைக் கட்ட ஆரம்பித்தோம். லெகோவில் இவ்வளவு பெரிய வளைவுக்கு ஒற்றைத் துண்டு கிடையாது. இரண்டு பக்கத் தூணிலிருந்தும் கட்டையைப் படிப்படியாக முன்னால் தள்ளித் தள்ளி அடுக்கி, நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையை இறுகக் கவ்விப் பிடித்தால்தான் நிற்கும். வரிசைகள் நேராக வராமல் வாழைப்பழம் போல வளைந்தன. அழுத்தினால் ஒரு பக்கம் உட்காரும், மறுபக்கம் எழும்பும். எப்படியோ சேர்த்துவிட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால் வளைவு முழுக்கத் தரையில் கிடக்கிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பரிடம் வெர்னியர் (மில்லிமீட்டரில் சிறு பங்கையும் அளக்கிற கருவி) வாங்கி வந்து அளந்தேன். அசல் 2×4 கட்டையின் நீளம் 31.8 மி.மீ. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. தூரம், நாலு குமிழுக்கு 32 வரும் இடத்தில் வேண்டுமென்றே 0.2 குறைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டையோடு முட்டாமல் உட்கார அந்த இடைவெளி வேண்டும். நான் வாங்கி வந்ததில் ஒன்று 31.9, ஒன்று 32, ஒன்று 32-க்கும் மேல். இடைவெளியே இல்லாத கட்டைகளை வரிசையாக வைத்தால் ஒன்றையொன்று நெருக்கி வரிசையே வளையத்தான் செய்யும். குமிழின் விட்டம் 4.8 இருக்க வேண்டும். அதுவும் கூடக் குறைய இருந்தது. குறைந்தது பிடிக்காது, கூடியது பிடித்தால் விடாது. 1958-இல் காப்புரிமைக்குப் பதிந்த காலத்துக் கட்டையும் இன்றைக்கு வரும் கட்டையோடு பொருந்துகிறது என்றால் அது இந்த அளவுச் சுத்தத்தால்தான். அந்த நம்பிக்கையில்தான் நாம் இதைச் சேர்க்கவே செய்கிறோம்.

அப்புறம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கடையில் பெட்டியின் மேலே ஒன்றரைக் கிலோவுக்கு மட்டும் அசலைப் பரப்பியிருக்கிறார். மீதி நாலரைக் கிலோவில் குமிழ்கள் எழுத்தே இல்லாமல் மொட்டையாக இருந்தன. ஆள் பொம்மைகளில் ஏழுக்கு உடம்பு அசல், தலையும் காலும் போலி. தலையைக் கழற்றினால் கழுத்துக் குமிழின் மேல் லெகோ எழுத்து இருக்க வேண்டும், அதைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவோம் என்று தெரிந்தே செய்த வேலை. ஒரு துண்டில் எழுத்து இருக்கிறதே என்று பொம்மை முழுவதையும் நம்பிவிடாதீர்கள். கையைச் சுற்றிப் பாருங்கள், தொளதொளவென்று சுற்றினால் சந்தேகப்படுங்கள். முகத்தின் அச்சை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். லெகோவோடு பொருந்துகிற கட்டையை வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் செய்து விற்றால் அதில் தப்பில்லை. கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த வடிவத்தையே தன் வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள லெகோ ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2010-இல் தோற்றது. மலிவாகப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பிள்ளைகள் பொம்மைகளுக்கு அது கட்டாயம். எனக்கு வந்த சரக்கைக் கழுவிய பிறகும் பெயிண்ட் கடைக்குள் நுழைந்தது மாதிரி ஒரு வாடை. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமான் இது. மொட்டைக் கட்டையை மொட்டைக் கட்டை என்று சொல்லிக் கிலோ முந்நூறுக்குக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரிஜினல் என்று சொல்லி 1,800 வாங்கியதுதான் மோசடி.

திரும்பக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, மேல மட்டும் அசல வச்சிட்டு அடியில பூரா டூப்ளிகேட்டப் போட்டிருக்கீங்களே, நியாயமா?"

"நீங்க கைய விட்டுப் பாத்துத்தான சார் எடுத்தீங்க? ஒரிஜினல்னு நான் பில்லா போட்டுக் குடுத்தேன்?"

பில் ஏன் தரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதிந்தேன். பணம் அனுப்பிய விவரம், கட்டைகளின் படம், வெர்னியர் அளவு எல்லாவற்றையும் வைத்து, பணத்தைத் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று கடைக்குத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்பினேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பத்து நாள் கழித்துப் பொம்மைக்கான 3,000 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. கட்டைக்குக் கொடுத்த பணம் வரவில்லை. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துப் போங்கள். பெட்டி முழுவதையும் அதில் கொட்டச் சொல்லுங்கள். கொட்டச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து பத்து அசல் கட்டைகளைக் கொண்டுபோய், அடியில் கிடப்பவற்றோடு எட்டு எட்டாக வரிசை வைத்துப் பாருங்கள். வரிசை வளைந்தால் வெர்னியர் தேவையில்லை. செம்பழுப்புக் கட்டைகள் இருந்தால் அசலாக இருந்தாலும் ஒன்றிரண்டைப் பொருத்திக் கழற்றிப் பாருங்கள். 2010-ஐ ஒட்டிய சில வருடங்களில் வந்த அந்த நிறம் அப்பளம் போல உடையும், அது கம்பெனியின் குறைதான். கடைப் பெயரில் பில் இல்லாமல், கடைப் பெயரில்லாத கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். முக்கியமாக, புதிதாக வந்ததை ஒரு மாதமாவது தனிப் பெட்டியில் வையுங்கள், என்னைப் போல உடனே கலந்துவிடாதீர்கள்.

ஏனென்றால் நான் முதலில் சொன்ன பெரிய நஷ்டம் அதுதான். பதினோரு வருடச் சேகரிப்பில் நாலரைக் கிலோ போலி கலந்து கிடக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் கட்டைகள். ஆபீஸ் முடிந்து வந்து தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் மேஜை விளக்கின் கீழே கட்டை கட்டையாகக் குமிழைப் பார்த்துப் பிரிக்கிறேன். அக்கா மகள் சனி, ஞாயிறுகளில் வந்து உட்காருகிறாள், அவள் கண் என்னைவிட வேகம். போலியை எல்லாம் ஒரு அரிசிப் பையில் போட்டுக் கருப்பு மையால் எழுதிப் பரணில் வைத்திருக்கிறோம், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். ஒன்றரைக் கிலோ அசலையும் என் பழைய கட்டைகளையும் வைத்து ஒரு வளைவு மட்டும் கட்டியிருக்கிறோம். மூன்று வாரமாக நிற்கிறது, அதன் மேல் தாத்தா சைக்கிளோடு நிற்கிறார். பிரிக்க இன்னும் இரண்டு பெட்டி பாக்கி.