லேப் ரிப்போர்ட்டில் ‘கன்டாமினேஷன்’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்

வீட்டில் சுகர் இருக்கிற பெரியவர்கள், அதிலும் வயலில் இறங்கி வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் இதைக் கடைசி வரை படியுங்கள். என் அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி 48-ஆவது நாள்தான் சரியான மருந்து ஏறியது. முதலில் டைபாய்டு என்றார்கள், அப்புறம் டிபி என்றார்கள். அவருக்கு இரண்டும் இல்லை. அவர் உடம்பில் இருந்த கிருமி 19-ஆவது நாளே ஒரு லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் முளைத்து, ரிப்போர்ட்டிலும் அச்சாகி என் கைக்கு வந்துவிட்டது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். நடுவில் போன அந்த 29 நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் டெல்டா பக்கம். அப்பாவுக்கு வயது 58, சுகர் வந்து 12 வருஷம். ஐப்பசி மழையில் சம்பா நடவு முடிந்த கையோடு குளிர் காய்ச்சல். ஐந்தாவது நாள் பக்கத்து டவுனில் ஒரு லேபுக்குக் கூட்டிப் போனேன். காய்ச்சலுக்கென்று ஒரு பேக்கேஜ் இருந்தது. சாயங்காலமே ரிப்போர்ட்: வைடால் பாசிட்டிவ், ஓ 1:80, எச் 1:160. டைபாய்டு என்று ஏழு நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது, ஊசி நின்றதும் திரும்ப வந்தது.

வைடால் 1896-இல் வந்த பரிசோதனை. அது கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக நம் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் நம் ஊர்ப் பக்கங்களில் நன்றாக இருக்கிற ஆளுக்கே 1:80 வரலாம். எப்போதோ வந்த டைபாய்டும், போட்ட தடுப்பூசியும் கூட அந்த எண்ணில் தெரியும். ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, எண் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் ஏதாவது அர்த்தம் உண்டு. ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது தப்பு. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

14-ஆவது நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். போனவுடனே டிரிப்ஸ், அதிலேயே ஆன்டிபயாடிக். மறுநாள்தான் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு பாட்டில், அதில் இரண்டு மூன்று மில்லி ரத்தம். அந்த பாட்டில் அன்று ராத்திரி முழுக்க நர்ஸ் ஸ்டேஷன் ஃபிரிட்ஜில் இருந்ததை நானே பார்த்தேன். ‘கெட்டுப்போகாம இருக்கத்தான்’ என்றார் அங்கிருந்த பெண். பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

பெரியவர்களுக்கு பிளட் கல்ச்சர் என்றால் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். இரண்டு கையிலும் தனித்தனியாக எடுத்தால் இன்னும் நல்லது. ரத்தத்தில் கிருமிகள் ரொம்பக் குறைவாக இருக்கும், கொஞ்சமாக எடுத்தால் அகப்படாமலே போய்விடும். முக்கியமான விஷயம், ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் கிருமி வளராது, சில கிருமி செத்தே போகும். அப்பா விஷயத்தில் இதில் ஒன்றைக்கூடச் சரியாகச் செய்யவில்லை. அப்படியும் அந்தக் கிருமி முளைத்து வந்தது என்றால் எவ்வளவு இருந்திருக்க வேண்டும், பாருங்கள்.

19-ஆவது நாள் ரிப்போர்ட் வந்தது. ‘ஸூடோமோனாஸ் இனம். கன்டாமினேஷனாக இருக்கலாம்’ என்று ஒரு வரி, அதன் கீழே எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ஒரு பட்டியல். லேபுக்கு போன் போட்டேன். ‘தோல்ல இருந்தோ காத்துல இருந்தோ விழுந்திருக்கும்மா. எங்களுக்கு அடிக்கடி வரும். டாக்டர் பாத்துப்பார்’ என்றார்கள். டாக்டர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஃபைலில் சொருகினார். மறுபடி ஒரு கல்ச்சர் எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே. வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல். சுகர் நோயாளி, இளைத்துவிட்டார், இருமல் இருக்கிறது, அதனால் டிபிதான் என்று 22-ஆவது நாள் மாத்திரை தொடங்கினார்கள். சளியில் டிபி கிருமி தெரியவில்லை. ‘சில பேருக்குத் தெரியாது’ என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்தால் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள், கருவியில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் பதில் வரும். அதற்குக் கூட அனுப்பவில்லை. மூன்று வாரம் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டு அப்பா 11 கிலோ குறைந்தார். 43-ஆவது நாள் காலையில் எழுப்பினால் பேச்சு குழறியது. சுகர் 410.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வயிற்று ஸ்கேனில் மண்ணீரலில் இரண்டு, கல்லீரலில் ஒன்று என்று சீழ்க்கட்டிகள். ஊசியால் சீழ் எடுத்து அனுப்பினார்கள், ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன்பே இரண்டு கையிலும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மைக்ரோபயாலஜி டாக்டர் அம்மா ஒருவர் கட்டிலுக்கே வந்தார். லேப் டாக்டர் நோயாளியைத் தேடி வந்து நான் பார்த்ததில்லை.

‘அப்பா என்ன வேலைம்மா பாக்குறாரு?’

‘விவசாயம் மேடம். நடவுல இருந்தார்.’

‘கால்ல ஏதாவது போட்டிருப்பாரா?’

‘சேத்துல ஏது மேடம் செருப்பு.’

போர்வையை விலக்கி அப்பாவின் பாதத்தைப் பார்த்தார். குதிகாலில் ஆழமான வெடிப்புகள். 40 நாளுக்கு மேல் எத்தனை பேர் அவரைப் பார்த்திருப்பார்கள்! என்ன வேலை என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று வாங்கி, பட்டியலில் மூன்று வரிகளில் விரலை வைத்தார். ஜென்டாமைசின் கேட்காது. கோலிஸ்டின் கேட்காது. ஆக்மென்டின் வகை மருந்து கேட்கும். ‘ஆஸ்பத்திரிகள்ல வழக்கமா வர்ற ஸூடோமோனாஸுக்கு ஆக்மென்டின் கேக்கவே கேக்காதும்மா. கோலிஸ்டின் பெரும்பாலும் கேக்கும். இங்க அப்படியே தலைகீழா இருக்கு. இதப் பாத்தப்பவே அவங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கணும்’ என்றார்.

அப்பாவுக்கு இருந்தது மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லி. மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் மேலே வரும். காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உள்ளே போகும், மூச்சு வழியாகவும் போகும். சுகர் இருக்கிறவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. நுரையீரலில் வந்தால் எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே இருக்கும். வடகிழக்குத் தாய்லாந்தில் இது வந்தவர்களில் 40 சதவீதம் பேர் வரை இறந்திருக்கிறார்கள். ஏதோ வெளிநாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். வேலூர் சிஎம்சி, மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றிப் பல வருஷங்களாகக் கட்டுரைகள் எழுதி வருகிறார்கள். 1911-இல் ரங்கூனில் பிணப் பரிசோதனை செய்யும்போது இந்த நோயை முதலில் அடையாளம் கண்டவர்கள் இரண்டு பேர், ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். அந்த இரண்டாவது பெயரைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் நம் ஊர் லேபில் இதைக் ‘கலந்துபோன கிருமி’ என்று எழுதுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். தட்டில் முதல் நாள் பார்த்தால் சாதாரணக் கிருமி மாதிரிதான் இருக்குமாம். மூன்று நாலு நாள் விட்டுவைத்தால் மேல்பரப்பு காய்ந்து சுருங்கி மடிப்பு மடிப்பாக வரும். அவசரப்பட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டால் அது கண்ணில் படாது. கிருமியை வளர்க்க ஆஷ்டவுன் என்று தனியாக ஒரு ஊடகம் இருக்கிறது. அதில் ஜென்டாமைசின் கலந்திருப்பதால் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் அடங்கிவிடும், இது ஊதா நிறத்தில் முளைக்கும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு முனையும் அடர்ந்து, நடுவில் வெளுத்து, ஊக்கு மாதிரித் தெரியும். தானாகப் பெயர் சொல்லும் கருவிகள் கூட இதன் பெயரைச் சில சமயம் மாற்றிச் சொல்லும், அதனால் கருவி சொன்னதோடு நிறுத்தாமல் வேறு வழியிலும் உறுதி செய்ய வேண்டும் என்றார். 

48-ஆவது நாள் செஃப்டாசிடிம் ஊசி தொடங்கியது. மூன்று வாரம் நரம்பில். காய்ச்சல் முழுசாக விடவே ஒன்பது நாள் ஆனது. அப்புறம் ஐந்து மாசம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். வைகாசியில் கடைசி மாத்திரை போட்டார். இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார். பழைய தெம்பு வரவில்லை. முதல் மருத்துவமனைக்கும் லேபுக்கும் கொடுத்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

உங்கள் வீட்டில் ஒருவாரத்துக்கு மேல் காய்ச்சல் இழுத்தால், ஆன்டிபயாடிக் ஏறும் முன் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆள் மயங்கிக் கிடக்கிற அவசரத்தில் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, ரத்தம் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். என்ன வேலை செய்கிறார், சுகர் எவ்வளவு, மழையில் இறங்கினாரா என்று யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ‘கன்டாமினேஷன்’, ‘ஸூடோமோனாஸ் இனம்’ என்று வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வளர்ந்த கிருமியைத் தூக்கிப் போடாமல் மைக்ரோபயாலஜி டாக்டர் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோபப்படுவார்கள், பரவாயில்லை.

போன மாசம் புது ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த லேபுக்குப் போனேன். பொறுப்பாளர் பணம் திருப்பித் தர முடியாது, பழைய ரிப்போர்ட்டைத் திருத்தவும் முடியாது என்றார். தட்டைக் கேட்டேன், அப்போதே தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வெளியே வரும்போது அங்கே டெக்னீஷியனாக இருக்கிற பையன் பின்னாலேயே வந்தான். 23, 24 வயது இருக்கும். அந்தத் தட்டைப் பார்த்தது அவன்தானாம்.

‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. தட்டத் தெறந்தா மழை பேஞ்ச மண்ணு வாசனை அடிச்சுது. அதான் தூசி விழுந்திருக்கும்னு நெனச்சேன்.’

அந்தக் கிருமிக்கே அந்த வாசனை உண்டு என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். தட்டை முகர்ந்தால் மூச்சு வழியாக உள்ளே போய்விடும், லேபில் வேலை செய்கிறவர்கள் முகரவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். அதையும், பட்டியலில் அவர் விரல் வைத்த மூன்று மருந்தையும் அவனிடம் சொன்னேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது. அப்புறம் பையிலிருந்து பேனா எடுத்து, அந்த மூன்று மருந்தின் பெயரையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.